மைக்கூட்டுக்கு ஒரு நியாயம், டோக்ராவுக்கு ஒரு நியாயமா?

நம்ம கொல்கத்தா தமிழ் மக்களுக்கும் பழைய பொருள் மோகம் தொத்திக்கிச்சு. ரஸ்ஸல் தெரு ஏலத்தில் ஒரு வெண்கல மைக்கூடு வந்தால் போதும், தலைகீழாகத் திருப்பி அடியில் பெயரைத் தேடுறோம். 'பார்பதியென், பாரிஸ்' என்று பொறித்திருந்தால் விலை எகிறும்!

1838ல் தொடங்கிய பட்டறை. வேலை சுத்தம், மறுக்கலை. ஆனால் கூட்டாளி அஷில் கொலாஸின் இயந்திரத்தால் சிலைகளைச் சுருக்கி, ஒரே மாதிரியை வைத்துப் பல நகல் வார்த்து விற்றவங்க அவங்க. அடியில் இருப்பதும் முதலாளி பெயர்தான்.

பாங்குரா பக்கம் பிக்னாவில் செய்யும் டோக்ரா? மெழுகில் உருவம், மேலே களிமண், மெழுகை உருக்கி எடுத்துப் பித்தளை ஊற்றணும், கடைசியில் அச்சை உடைக்கணும். ஒரு அச்சுக்கு ஒரே பொருள். நம்ம சுவாமிமலை வார்ப்பும் மெழுகு வழிதான். இதுக்கு மட்டும் பேரம்!

பி.காமில் 'குட்வில்' படிச்சோமே, பெயருக்குத் தரும் காசு. 2018ல் வங்காள டோக்ராவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. நல்லது, ஆனால் அது மண்ணின் பெயர். செய்த கைக்குப் பெயர்?

அடுத்த தடவை வாங்கும்போது செய்தவர் பெயரைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. நாளைக்கு அவர் பேரன் தைரியமா விலை சொல்லட்டும்.