கந்தகப் புகைக்கு ஏது எல்லை?

அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் கந்தகப் புகைக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் உச்சவரம்பு விதித்தது. கொடுத்த கெடு இரண்டே ஆண்டு. அது முடிந்தபோது 2022 வரை நீட்டித்தார்கள். பிறகு 2024 என்றார்கள், 2027 என்றார்கள். கடைசியில் 2025 ஜூலை 11 அன்று வெளியான அறிவிக்கை, நாட்டின் அனல்மின் அலகுகளில் ஏறத்தாழ 78 சதவீதத்துக்கு அந்தக் கடமையே இல்லை என்று சொல்லிவிட்டது. இந்த விலக்கு தவறானது. அரசு இதைத் திரும்பப் பெற வேண்டும்.

புதிய ஏற்பாட்டின்படி, டெல்லி தலைநகர வட்டாரத்துக்கோ 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள் மட்டும் 2027 டிசம்பருக்குள் கட்டாயமாகக் கந்தக நீக்கக் கருவி பொருத்த வேண்டும். கடுமையாக மாசுபட்ட பகுதிகளையொட்டிய நிலையங்களின் கதி ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவாகும். மற்றவற்றுக்குப் புகைபோக்கி போதிய உயரத்தில் இருந்தாலே போதும். ஒன்பதாவது கிலோமீட்டரில் நிற்கும் நிலையம் கருவி வைக்க வேண்டும், பதினோராவது கிலோமீட்டரில் நிற்பது வைக்க வேண்டாம் என்றால், இடையில் இருக்கும் கிராமத்துக்காரர்களின் நுரையீரலை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் படியும் அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் மீனவர்கள் அதைக் காட்டிப் போராடவும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவும் முடிந்தது. கந்தக டை ஆக்சைடு அப்படிக் கண்ணில் படாது. நிலையத்தின் வடிகட்டிகள் சாம்பலைத்தான் பிடிக்கும். வாயு நழுவி வெளியே போய்விடும். போன இடத்தில், காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து சல்பேட் நுண்துகளாகிறது. ஆழ்ந்து நுரையீரலுக்குள் இறங்கும் பி.எம். 2.5 மாசில் அதுவும் சேர்த்தி. இந்த மாற்றம் நடக்கச் சில மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகும். அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். ஆகவே, "நகரங்களில் கந்தக டை ஆக்சைடு அளவு வரம்புக்குள்தானே இருக்கிறது" என்ற அரசுத் தரப்பின் வாதம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. வாயுவாகக் கிளம்பியது துகளாக உருமாறிய பிறகு, வாயுவை அளக்கும் கருவியில் அது எப்படி அகப்படும்?

உயரமான புகைபோக்கி என்ற சமாதானமும் புதிதல்ல. பிரிட்டன் இதைத்தான் செய்து பார்த்தது. மின் நிலையங்களின் புகைபோக்கிகளை உயர்த்தியதும் உள்ளூர்க் காற்று தெளிந்தது. கந்தகம் வடகடலைக் கடந்து நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாக இறங்கியது. ஏரிகளில் மீன்கள் மடிந்தன. அதனால் எழுந்த சண்டை, காற்று மாசு பற்றிய 1979 ஜெனீவா உடன்படிக்கையில் வந்து நின்றது. 1985இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் கந்தக வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டன. நாற்பது ஆண்டுக்கு முன்பே ஐரோப்பா கைவிட்ட தீர்வை இந்தியா இப்போது விதியாக எழுதிவைத்திருக்கிறது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது இன்னொரு வாதம். பெரும்பாலும் அரை சதவீதம்தான் என்பது உண்மையே. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அரை சதவீதம் என்றால் டன்னுக்கு 5 கிலோ கந்தகம். எரிந்தால் அது ஏறக்குறைய 10 கிலோ கந்தக டை ஆக்சைடு. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், வெப்பத்திறன் குறைவு என்பதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்க வேண்டிய அளவும் கூடுதல். 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 15 ஆயிரம் டன் நிலக்கரியை விழுங்குகிறது. அதிலிருந்து கிளம்புவது 150 டன் அளவுக்குக் கந்தக வாயு, ஒரே நாளில். நாட்டின் நிலக்கரி உற்பத்தியோ 2024-25இல் 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

இதைத் தடுக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் வடகடலோரத்தில் சப்போட்டாத் தோப்புகளுக்குப் பேர்போன தஹாணு இருக்கிறது. 1991இல் சூழல் கூருணர்வுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட தாலுகா அது. அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று எழுந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்திரசேகர் தர்மாதிகாரி தலைமையில் அந்தத் தாலுகாவுக்கென்றே பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. கந்தகத்தை நீக்கியே ஆக வேண்டும் என்பதில் ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தும் 2007இல் கருவி ஓடத் தொடங்கியது. அதன் வேலை எளிமையானது: கோபுரம் போன்ற கலத்தினுள் புகை மேலே ஏற, மேலிருந்து கடல்நீர் மழைபோல் பொழிகிறது, கடல்நீரின் இயல்பான காரத்தன்மை கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடல் இல்லாத இடங்களில் சுண்ணாம்புக்கல் கரைசல் அதே வேலையைச் செய்யும். அப்போது மிஞ்சும் ஜிப்சம், சிமென்ட் ஆலைக்கு ஆகும். கருவி வந்ததால் தஹாணு நிலையம் முடங்கிப் போகவில்லை. நாட்டின் நல்ல முறையில் இயங்கும் நிலையங்களில் ஒன்றாகவே நெடுநாள் பெயர் எடுத்தது.

வேகமாகத் தொழில்மயமாகும் நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பவர்கள் சீனாவைப் பார்க்கலாம். 2005இல் அந்நாட்டின் நிலக்கரி மின்திறனில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் இக்கருவி இருந்தது. ஐந்தே ஆண்டில் அது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டியது. பொருத்திய நிலையத்துக்கு யூனிட்டுக்கு 1.5 ஃபென் (சீனக் காசு) கூடுதல் விலை கொடுத்தார்கள். கருவியை வாங்கி வைத்துவிட்டு ஓட்டாமல் ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். புகைபோக்கியிலேயே தொடர் அளவீட்டுக் கருவி வைத்து, அபராதம் போட்டு அவர்களை வழிக்குக் கொண்டுவந்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 2007க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு வெளியேற்றம் 75 சதவீதம் குறைந்தது. இந்தியாவுடையது 50 சதவீதம் கூடியது.

செலவு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இந்த விலக்கால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சம் என்று மின்துறையினர் கணக்குச் சொன்னார்கள். விசைத்தறிக்காரருக்கும் மாதச் சம்பளக் குடும்பத்துக்கும் அது சின்னத் தொகையல்ல. ஆனால் அந்தக் காசு உண்மையில் மிச்சமாவதில்லை. இழுப்புக்கும் மாரடைப்புக்கும் வைத்தியம் பார்க்கும் குடும்பங்களின் தலையில் அது இடம் மாறி விழுகிறது. அந்தக் குடும்பங்களில் பல, அந்த மின்சாரத்தை அதிகம் பயன்படுத்துபவை கூட அல்ல. நிறுவனங்களுக்கும் இதில் பெரிய நஷ்டம் கிடையாது. சட்ட மாற்றத்தால் வந்த செலவு என்று கணக்குக் காட்டிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள 2018இலேயே மின்துறை அமைச்சகம் வழிசெய்து கொடுத்துவிட்டது. ஏழைக் குடும்பங்களை அந்தச் சுமை தாக்காதபடி கட்டண அடுக்குகளை அமைப்பது அரசின் கையில்தான் இருக்கிறது.

கருவியை ஓட்டவும் மின்சாரம் வேண்டும், சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரியமில வாயு வரும், ஆகவே பருவநிலைக்குக் கேடு என்றும் சொல்கிறார்கள். அந்த அக்கறை மெய்யானால் வேறு இடத்தில் காட்டலாம்: நிலக்கரியை அளவுக்கு மீறித் தின்னும் பழைய அலகுகளை மூடலாம். நிறுவுதிறனில் பாதியைப் புதைபடிவம் சாராத ஆதாரங்கள் 2025இல் எட்டிவிட்டன. இலக்குக்கு ஐந்தாண்டு முன்னதாகவே எட்டியது பெருமைக்குரியதே. ஆனாலும் நாடு பயன்படுத்தும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. இன்னும் பல ஆண்டு அதை எரிக்கத்தான் போகிறோம் என்றால், சுத்தமாக எரிக்க வேண்டிய கட்டாயமும் அத்தனை ஆண்டுக்கு உண்டு.

பத்தாண்டாகக் கெடுவை மதித்து, கடன் வாங்கிக் கருவி பொருத்திய நிலையங்களும் இருக்கின்றன. காத்திருந்தவர்களுக்குப் பரிசும், கீழ்ப்படிந்தவர்களுக்குச் செலவும் என்று ஆகிவிட்டால், நாளை பாதரசத்துக்கோ தண்ணீர் உபயோகத்துக்கோ விதிக்கும் வரம்பை எவர் மதிப்பார்?

விலக்கை ரத்து செய்து, நகரத் தொலைவை விட்டுவிட்டு, அதிகம் கந்தகம் கக்கும் அலகுகளிலிருந்து வரிசைப்படுத்தி ஆண்டுவாரிக் கெடு வைக்க வேண்டும். மூடப்போவதாகத் தேதி குறித்த அலகுகள் அந்தத் தேதியில் மூடப்பட வேண்டும். ஒவ்வொரு புகைபோக்கியின் அளவீட்டையும் அந்த மாவட்டத்து மக்கள் அன்றன்றே பார்க்கும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் வெளியிட வேண்டும். நகரங்களையொட்டிய நிலையங்களுக்கான 2027 டிசம்பர் கெடுவும் இன்னொரு நீட்டிப்பில் கரையாமல் இருக்க, எந்த அலகுக்கு ஒப்பந்தம் கொடுத்தாயிற்று, எதில் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்ற பட்டியலை அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.