தாமானில் தோட்டம் எங்கே?

‘தாமான்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பூங்கா என்பது பொருள். நம்மவருள் பெரும்பாலோர் இன்று தாமான்களிலேதான் குடியிருக்கிறோம். ஆனால் வாயிற்கதவு முதல் பின்சுவர் வரை சிமெண்டுத் தரை; அதன்மேல் ஒரு கார், ஒரு துணிக்கொடி, பிளாஸ்டிக் ரோசாத் தொட்டி இரண்டு. பூங்கா பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. ‘தோட்டம்’ என்னும் நம் சொந்தச் சொல்லின் கதியோ இன்னும் இரங்கத்தக்கது. இந்நாட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் பால்மரமும் லயமும் கிராணியாரும் நினைவுக்கு வருவரே அன்றி, வீட்டை ஒட்டிய நிலம் நினைவுக்கு வாராது. கொல்லை, புழைக்கடை, படப்பை என்ற சொற்களை மாணவர் அகராதியில்தான் காண வேண்டியுள்ளது.

ஆயினும் கட்டுரைப் பாடத்தில் ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்று தலைப்புக் கொடுக்க ஆசிரியர்களாகிய நாம் தவறுவதில்லை. மாணவரும் தவறாமல் மல்லிகையையும் முல்லையையும் பூத்துக் குலுங்க வைத்துவிடுகின்றனர். முல்லைக் கொடியை ஒருநாளும் கண்டிராத பிள்ளை எழுதிய அப்பொய்க்கு நானும் சிவப்பு மையால் மதிப்பெண் இட்டிருக்கிறேன்.

நிலத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்டால், ‘வேலை மிச்சம்’ என்ற ஒரே விடைதான் வருகிறது. இவ்விடையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. பிறர் நிலத்தில் வாழ்நாளெல்லாம் கூலிக்குப் புல் வெட்டிய பாட்டனுக்கும் பாட்டிக்கும், ஒரு புல்லும் முளைக்காத முற்றம் விடுதலையின் அடையாளமாகத் தோன்றியிருக்கலாம். அவர்கள் களைப்பு உண்மையானது. அவர்தம் பேரப்பிள்ளைகள் அதே விடையைத் திருப்பிச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் அவ்விடை தவறு.

சிமெண்டு வேலையை மிச்சப்படுத்துகிறதா? மழைக்காலத்தில் பாசி பிடிக்கிறது. தேய்த்துக் கழுவாவிட்டால் முதியோர் வழுக்கி விழுகின்றனர். வெயிற்காலத்தில் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவில் வீட்டுக்குள் கக்குகிறது. மழைநீரை மண் குடிக்க விடாமல் சாக்கடைக்கு விரட்டுகிறது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கு கண்ட வெள்ளத்தை நாம் மறந்திருக்க முடியாது. அப்பழி முழுவதையும் நம் முற்றங்களின்மேல் சுமத்துவது நேர்மையாகாது; ஆனால் மழைநீரை விரட்டுவதில் நம் பங்கும் உண்டு. மற்றொரு சாரார் மேல்நாட்டுப் படங்களைப் பார்த்துப் புல்தரை வளர்க்கின்றனர். குளிர் நாட்டில் பனிக்காலத்தில் புல் உறங்கும். இங்கோ ஆண்டு முழுதும் வளரும். ஓய்வு நாளெல்லாம் புல்வெட்டும் பொறியின் பின்னே நடப்பவரைத் தோட்டக்காரர் என்பதைவிடப் புல்லின் கொத்தடிமை என்பதே பொருந்தும்.

குறைந்த உழைப்பில் நிறைந்த பயன் காணும் முறையைக் கற்க நாம் எங்கும் போக வேண்டா. பாலிக் புலாவ் மலைச்சரிவை ஏறிட்டுப் பார்த்தால் போதும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பெனியார், கிறிஸ்டோபர் சுமித் என்னும் தாவர அறிஞரைக் கொண்டு மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளை வரவழைத்துப் பினாங்கில் நட்டனர். பின்னர் முதலாளிமார் பலர் சாதிக்காயையே பெருந்தோட்டங்களாகப் பெருக்கினர். 1860ஆம் ஆண்டையொட்டிப் பரவிய நோய் அத்தோட்டங்களை அழித்தது. இன்று சாதிக்காயைக் காண விரும்புவோர் பாலிக் புலாவின் சிறு பழத்தோட்டங்களுக்கே வருகின்றனர். அங்கே டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தீனும் கலந்து நிற்கின்றன. உயர்ந்த மரம் தாழ்ந்ததற்கு நிழல் தருகிறது. உதிர்ந்த இலை அங்கேயே மட்கி உரமாகிறது.

இந்த முறையைத் தாமான் வீட்டின் அளவுக்குச் சுருக்கிக்கொள்வோம். காருக்குரிய இடம் அப்படியே இருக்கட்டும். வேலிச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்தால் போதும். வெயில் படும் மூலையில் கறிவேப்பிலை. ஒடிக்க ஒடிக்க அது தழைக்கும். முருங்கைக்கு ஒரு போத்து நட்டால் போதும். ஆளுயரத்துக்குமேல் விடாமல் கழித்து வர வேண்டும். அரைநிழலில் பாண்டான், மஞ்சள், அரத்தை. மலாய்க்காரர் செக்கூர் மானிஸ் என வழங்கும் தவசிக்கீரைக்கு ஒரு குச்சி. இவற்றை ஆண்டுதோறும் விதைக்க வேண்டியதில்லை. மண்ணைக் கொத்திக் கொண்டிராமல் மூன்று விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த இலையால் மூடாக்கு இடுக; தண்டை மட்டும் ஒட்டாமல் விடுக. களை அடங்கும், ஈரம் தங்கும். முன்றில் இலையைக் கூட்டிப் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, கடையில் உரப்பை வாங்கி வருகிறோமே, இதைவிட நகைப்புக்குரியது வேறுண்டோ?

பாக்கு மரத்தையும் சொல்ல வேண்டும். பினாங்கு என்னும் பெயரே அம்மரத்தால் வந்தது. கிளை விரியாமல் ஒற்றைத் தண்டாய் ஓங்கும் கமுகு, சிற்றிடத்துக்கென்றே அமைந்ததுபோன்றது. அதன்மேல் வெற்றிலைக் கொடியையும் படரவிடலாம். பாக்கின் பெயர் தாங்கிய தீவில் வாழ்ந்துகொண்டு, திருமணத் தாம்பூலத்துக்குப் பாக்கைப் பொட்டலத்தில் வாங்குகிறோம்!

செடி வைத்தால் கொசு வரும், டிங்கி வரும் என்று அஞ்சுவோர் உளர். ஏடிஸ் கொசு மண்ணில் முட்டையிடுவதில்லை. தேங்கி நிற்கும் நீரை நாடுகிறது. தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு, மூடாத வாளி, அடைபட்ட கூரைத்தாழி ஆகியவையே அதன் பிறப்பிடம். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எனவே வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்து வடித்தால் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை, செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்காரரிடமே ஒப்படைத்துள்ளது.

பாம்புக்கு அஞ்சுவோர்க்கு விடை சுருக்கமானது: இரண்டடிப் பாத்தியைவிடப் பழைய பலகைகளை அடுக்கி வைத்த பின்கட்டுதான் பாம்புக்கு உகந்தது.

பெரும்பயன் ஒன்று எஞ்சியுள்ளது. மாலையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த இரண்டடிப் பசுமையின் அருகே அமர்ந்து பாருங்கள். தேன்சிட்டு ஒன்று செம்பருத்தியைத் தேடி வரும். தள்ளாத மூதாட்டிக்கும் கீரை ஆய ஒரு வேலை கிடைக்கும்; பேரனுக்கு இலையின் பெயர் சொல்லும் வாய்ப்பும் கிடைக்கும். சிமெண்டுத் தரையைக் காட்டி அவர் என்ன சொல்வார்?

சனவரி, பிப்ரவரி இங்கே வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் நட்டவை அதற்குள் வேரூன்றிவிடும். அடுத்த ஆண்டும் ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்றே தலைப்புக் கொடுக்கப் போகிறேன். கட்டுரைத் தாளோடு வீட்டுச் செடியின் இலை ஒன்றை இணைத்து, அதன் தமிழ்ப் பெயரைக் கீழே எழுதி வர வேண்டும். இலை இல்லாத தாளுக்கு மதிப்பெண் இல்லை.