சுமையை இறக்கிவைக்கும் உரிமை யாருக்கு?



பாம்பனைக் கடந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் சாலையில், தங்கச்சிமடத்துக்கு முன்னதாக வருகிறது அக்காள்மடம். வடக்கே நோக்கினாலும் கடல். தெற்கே நோக்கினாலும் கடல். அந்தக் கரையில் நின்று மீனவத் தோழர் ஒருவர் உங்களைக் கேட்கக்கூடும்: "படகு இலங்கையிலே கிடக்கிறது, கடன் மட்டும் இங்கே என் வீட்டிலே குந்தியிருக்கிறது. இதற்குச் சட்டத்தில் வழி ஏதும் உண்டா?"

உண்டு என்றுதான் நீங்கள் விடை கூற வேண்டும். ஆனால் உமக்கு இல்லை என்பதையும் அதே மூச்சில் கூறியாக வேண்டும். அந்த வெட்கக்கேட்டை விளக்கவே இவ்வாரக் கட்டுரை.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் நம் ஊரில் ஏளனச் சிரிப்பு எழும். ஆனால், கடனைத் தீர்க்க இயலாது நொடித்துப் போனவனுக்கும் ஒரு விடிவு வேண்டும் என்று சட்டம் ஒப்புக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. நொடித்தவனுடைய சொத்தனைத்தையும் ஒரு பொறுப்பாளர் ஏற்றுக்கொள்வார், விற்பார், கடன் கொடுத்தோருக்குப் பங்கிடுவார். அந்தச் சொத்துகளிலே சில, விற்றால் காசு தராதவை. வைத்திருந்தால் செலவு வைப்பவை. அத்தகைய சொத்தை "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்து உதறிவிடும் அதிகாரம் பொறுப்பாளருக்கு உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென 1909இல் இயற்றப்பட்ட நொடிப்புச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இதைக் கூறிற்று. கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 333ஆம் பிரிவு கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டமோ 160ஆம் பிரிவில் இதை விரிவாகவே வகுத்திருக்கிறது.

எது சுமைச் சொத்து? இலாபமற்ற ஒப்பந்தம், விற்க இயலாத, அல்லது எளிதில் விலைபோகாத உடைமை, வைத்திருந்தால் வழக்கைத் தேடித்தரும் உடைமை. பொறுப்பாளர் அறிவிப்புக் கொடுத்த நாளோடு, அச்சொத்தின்மீது நொடித்தவனுக்கு இருந்த உரிமையும் ஒழிகிறது, பொறுப்பும் ஒழிகிறது. அதனால் நட்டமடைந்தவர், அந்த நட்டத்தின் அளவுக்குக் கடன்காரர்கள் வரிசையிலே போய் நிற்கலாம். ஓராண்டு கழிந்தால் விடுவிப்பு ஆணையும் கேட்கலாம். ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. மனிதன் மாளும்வரை கடன் அவனை விடாது என்பதைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் அந்தக் கதவின் வழியே நுழைந்தவர் யார் என்று பாருங்கள்.

கனடா நாட்டிலே ஆல்பர்ட்டா மாநிலம். ரெட்வாட்டர் என்றொரு எண்ணெய்க் கம்பெனி 2015இல் நொடித்தது. பொறுப்பேற்ற கணக்காய்வு நிறுவனம் என்ன செய்தது? கம்பெனியின் கிணறுகளிலும் நிலையங்களிலும் பணம் காய்க்கும் இருபதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. வற்றிப்போன கிணறுகளை, அடைத்துச் சீர்செய்யச் செலவாகும் கிணறுகளை, "எனக்கு வேண்டாம்" என்றது. எண்ணெய் எடுத்த காலத்து இலாபம் ஒருவனுக்கு. எடுத்தபின் கிடக்கும் ஓட்டை ஊராருக்கு! 2019 ஜனவரி 31ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவருக்கு இருவர் என்ற கணக்கில், அந்தத் தந்திரம் செல்லாது என்றது: விற்ற பணத்தில் கிணற்றை மூடும் கடமை முதலில், கடன் கொடுத்த வங்கி பிறகு. ஸ்காட்லாந்திலும் 2013இல் நிலக்கரிக் கம்பெனி ஒன்று நொடித்து, தோண்டிப்போட்ட சுரங்கங்களை உதறப் பார்த்தது. கீழே அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் அது தகர்ந்தது. அங்கெல்லாம் கம்பெனிக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. மக்கள் பக்கம் நின்றவர்கள் போராடி அதைப் பாதி மூடவேண்டியிருந்தது.

இனிக் கரைக்குத் திரும்புவோம். எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை படகைப் பிடிக்கிறது. ஆட்கள் திரும்பினாலும் படகு திரும்புவதில்லை. உரிமையாளனே கடல் கடந்து சென்று அங்குள்ள நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டும். அபராதத்தைப் பன்மடங்காக்கிய அவர்களது திருத்தச் சட்டம் 2018இல் வந்தது. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் 105 இந்தியப் படகுகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். (இழுவை மடியால் அங்கே வலை அறுந்து அழுபவனும் தமிழன்தான் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது வேறு கணக்கு. அதையும் தீர்க்கத்தான் வேண்டும்.)

ஏலத்துக்குப் போகாமல் அயல்நாட்டுத் துறையிலே மட்கிக் கிடக்கும் படகு என்ன சொத்து? விற்க இயலாது, மீட்கப் போனால் வழக்கு. சட்டம் எழுதியவர்கள் இந்தப் படகைப் பார்த்தே எழுதினார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது!

ஆயினும் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவருக்கு 160ஆம் பிரிவு எட்டாக்கனி. தனி மனிதருக்கான அந்தப் பாகம், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தோர் அளவில் மட்டுமே, 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. உத்தரவாதம் கொடுத்தோர் யார்? பெரும்பாலும் கம்பெனியின் அதிபர்கள். வங்கிகள் அவர்களைத் துரத்தக் கதவு தேவைப்பட்டது, திறந்தார்கள். வலைஞனுக்குத் திறக்க யாருக்கும் அவசரமில்லை. அவனுக்கு மிஞ்சியது வெளியூர்களுக்கென 1920இல் இயற்றிய பழைய சட்டம். அதிலே சுமைச் சொத்தைத் துறக்கும் பிரிவே கிடையாது. சென்னைப் பட்டணத்து வணிகனுக்கு 1909இல் கிடைத்த வசதி, பாம்பன் தீவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஏழைக்கென்றே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் "புதுத் தொடக்கம்" என்றோர் அத்தியாயம் எழுதினார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டலாகாது. சொத்து 20,000ஐத் தாண்டலாகாது. கடன் 35,000ஐத் தாண்டலாகாது. சொந்தமாகக் குடியிருப்பும் இருக்கலாகாது. 35,000 ரூபாய்! விசைப்படகுக்குச் சில நாள் டீசல் போட்டால் தீர்ந்துபோகும் தொகை. அந்தச் சிற்றுதவியையும் ஏட்டிலே எழுதி, நாட்டிலே நடப்பிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

மீட்க இயலாத விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம் என்று தமிழ்நாட்டரசு நிவாரணம் அளித்தது, வரவேற்கிறோம். ஆனால் நிவாரணம் கருணை. கடனிலிருந்து விடுபடுவது உரிமை. முன்பணம் கொடுத்து மீனை மலிவாக அள்ளிச் செல்லும் வியாபாரியின் கணக்கு எந்தப் பத்திரத்திலும் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். சட்டம் வந்தாலும் அந்தக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது நம் வேலையாகவே இருக்கும்.

ஆகவே கடற்கரைக் கிளைத் தோழர்கள் இம்மாதக் கூட்டத்திலேயே ஒரு பேரேடு திறக்க வேண்டும். படகின் பதிவு எண், பிடிபட்ட நாள், கிடக்குமிடம், வங்கிக் கடன் எவ்வளவு, வியாபாரியிடம் வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டிய வட்டி எவ்வளவு — வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பாகத்தை முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவா, 35,000 என்னும் வரம்பைத் திருத்து என்று நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழும்போது, அவர்கள் கையிலே அந்தப் பேரேடு இருக்கட்டும்.