பொற்பதக்கமும் படச்சுருளும்



ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. மாலை சூட்டி, மேடையில் நான்கு நல்ல சொற்கள் சொல்லி அமர்வது அதனினும் எளிது. ஆனால், பந்தல் பிரிக்கப்பட்ட பின் அப்பாராட்டுக்குரியவரின் பணி என்னவாயிற்று என்று கேட்போர் மிகச் சிலரே. இம்மாதம் இக்கேள்வியை ஒரு திரைப்பட இயக்குநரின் வாழ்வைக்கொண்டு எண்ணிப்பார்க்க விழைகிறோம். திரைப்படத்திற்கு இப்பக்கத்தில் இடமுண்டோ என வியப்போர், இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவார்களாக.

சத்யஜித் ரே 1921-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மூன்று வயது நிறையுமுன் தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் வளர்ந்தார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராகப் பணியாற்றிய நாள்களில், விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் புதினத்தின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைய நேர்ந்தது. வங்கச் சிற்றூர் ஒன்றில் வறுமையோடு போராடும் ஒரு குடும்பத்தின் கதை அது. அதனைத் திரையில் காட்டவேண்டும் என்ற வேட்கை அன்று அவருள் வேரூன்றியது.

1952-ஆம் ஆண்டு அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. அதற்குமுன் அவர் ஒரு படமும் இயக்கியதில்லை. அலுவலகம் இல்லாத நாள்களில் நண்பர்களோடு சிற்றூருக்குச் சென்று படமெடுப்பார். பொருள் கொடுப்பார் எவருமில்லை. ஆயுள் காப்பீட்டின்மீது கடன் வாங்கினார். அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. அவையும் தீர்ந்தபின் பணி மாதக்கணக்கில் நின்றது. இறுதியில் முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராய் தலைமையில் இருந்த மேற்கு வங்க அரசு உதவிக்கு வந்தது. படத்தின் பெயருக்குப் ‘பாதையின் பாட்டு’ என்பது பொருள். அரசு தந்த தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதென்பது இன்றளவும் சுவையோடு பேசப்படும் செய்தி.

அப்படத்தில் முதிய அத்தையாக நடித்தவர் சுனிபாலா தேவி. முன்னொரு காலத்தில் நாடக மேடை ஏறி, பின் உலகம் மறந்துபோன மூதாட்டி. தளர்ந்த உடலோடு வெயிலிலும் வந்து நடித்தார். படம் பொதுமக்கள் பார்வைக்கு வருமுன்னரே மறைந்தார். பின்னர் மலையெனக் குவிந்த புகழில் ஒரு கைப்பிடியும் அவர் கண்காண வாய்க்கவில்லை.

1955-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், ஆகஸ்டில் கல்கத்தாவிலும் படம் திரையிடப்பட்டது. அவ்வாண்டின் தலைசிறந்த இந்தியப் படம் என்று குடியரசுத் தலைவரின் பொற்பதக்கம் பெற்றது. மறு ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் நகரத் திரைவிழாவுக்குச் சென்றது. அங்கே நடந்தது நினைவில் கொள்ளத்தக்கது. முதற்காட்சிக்கு நடுவர்களுள் பலர் வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் அப்படம் எவர் கவனத்தையும் பெறாமலே ஊர் திரும்பியிருக்கும். ஆனால், பார்த்த விமர்சகர் சிலர் விடவில்லை. மீண்டும் ஒருமுறை காட்டவேண்டும் என்று வற்புறுத்தினர். மறுகாட்சி நடந்தது. ‘தலைசிறந்த மனித ஆவணம்’ என்ற விருது கிடைத்தது. அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பும் அவ்விழாவில் அப்படத்தைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது.

பின்னர் விருதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1957-இல் ‘அபராஜிதோ’ வெனிஸ் நகரில் தங்கச் சிங்கம் வென்றது. அதே படத்தைக் கல்கத்தா மக்கள் அத்துணை விரும்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெர்லின் விழாவில் ‘மகாநகர்’ படத்துக்காக 1964-இலும், ‘சாருலதா’ படத்துக்காக 1965-இலும் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி அவருக்கே கிட்டியது. வங்கப் பஞ்சத்தைக் காட்டிய ‘அஷானி சங்கேத்’ 1973-இல் அங்கேயே தங்கக் கரடி பெற்றது. 1967-இல் மகசேசே விருது. 1978-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம். 1984-ஆம் ஆண்டுக்கான தாதா சாகிப் பால்கே விருது. பிரெஞ்சு நாட்டின் உயர் விருதான லெஜியன் ஆஃப் ஆனரை அளிக்க, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மித்தரான் 1989-இல் தாமே கல்கத்தா வந்தார். பத்மஸ்ரீ முதல் பாரத ரத்னா வரை நம் நாட்டு விருதுகளும் வரிசையாக வந்தன.

1992-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அமெரிக்கத் திரைக்கலைக் கழகம் வாழ்நாள் சாதனைக்காக அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் அளித்தது. இதய நோயால் நலிந்திருந்த ரே, கல்கத்தாவில் நோய்ப்படுக்கையில் சாய்ந்தவாறே அச்சிலையைக் கையில் ஏந்தி நன்றி கூறினார். அக்காட்சி விழா மேடையில் காட்டப்பட்டது. இளமையில் ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டருக்குப் பன்னிரண்டு பக்க மடல் எழுதி மறுமொழி பெறாத கதையை, கசப்பின்றி, புன்னகையோடு அவர் அப்போது நினைவுகூர்ந்தார். 24 நாள்கள் கழித்து, ஏப்ரல் 23-ஆம் நாள் காலமானார்.

இவ்வளவில் நிறுத்தினால் இது விருதுப் பட்டியலாக முடியும். இனிமேல்தான் நம் கேள்வி தொடங்குகிறது.

ஆஸ்கர் விழாவில் காட்டுவதற்காக ரேயின் படங்களிலிருந்து சில காட்சிகளைத் தேடியபோது, கைக்குக் கிடைத்த படிகள் கீறலும் சிதைவுமாக இருக்கக்கண்டு திரைக்கலைக் கழகத்தார் திகைத்தனர். படச்சுருள் நுட்பமான பொருள். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் கிடந்தால் அது சுருங்கும், முறுகும், பூஞ்சை பிடிக்கும். அதன் அடிப்பொருளே கெட்டுக் காடி நாற்றம் வீசும். 37 ஆண்டுகளாகப் பதக்கங்கள் வந்துகொண்டிருந்தன. அப்பதக்கங்களுக்குக் காரணமான படங்களோ தகரப் பெட்டிகளில் நலிந்துகொண்டிருந்தன!

செப்பனிடும் பொருட்டு மூலச் சுருள்கள் லண்டன் மாநகருக்கு அனுப்பப்பட்டன. 1993-ஆம் ஆண்டு ஜூலையில் அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் தீப்பற்றியது. ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபூர் சன்சார்’ ஆகிய மூன்று படங்களின் மூலச் சுருள்களும் தீயில் சிக்கின. கருகியவற்றைக் குப்பையில் எறியாமல், திரைக்கலைக் கழகத்தின் காப்பகத்தார் ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்துவைத்தனர். பின்னர் இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் வல்லுநர்கள் அவற்றை எடுத்தனர். உலர்ந்து நொறுங்கிய சுருள்களுக்கு மருந்துநீரால் மீண்டும் ஈரமூட்டினர். உருகிய ஒட்டுகளையும் கிழிந்த ஓரங்களையும் கையாலேயே செப்பனிட்டனர். இக்கைவேலைக்கு மட்டும் ஏறக்குறைய 1,000 மணி நேரம் ஆயிற்று. முதற்படத்தின் மூலத்தில் சுமார் 40 விழுக்காடும், இரண்டாவதில் 60 விழுக்காட்டுக்கு மேலும் பயன்பட்டன. மூன்றாவதன் மூலத்தில் ஒன்றும் தேறவில்லை. குறைந்த பகுதிகளைப் பிற நாடுகளில் கிடைத்த நல்ல படிகளால் நிரப்பினர். 2015-ஆம் ஆண்டு மே மாதம், முதன்முதல் திரையிடப்பட்ட அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில், 60 ஆண்டுகளுக்குப் பின் ‘பதேர் பாஞ்சாலி’ புத்தொளியோடு தோன்றியது.

அன்புக்குரியவர்களே, இவ்வரலாற்றில் ரேயை உண்மையாகப் பெருமைப்படுத்தியவர் யார்? பதக்கம் அளித்தோரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆஸ்கர் பரிசு வந்திராவிடில் சுருள்களின் அவலநிலை அன்று வெளிப்பட்டிராது. ஆயினும், பதக்கம் ஏதும் அளிக்காத மூவகையினரை நாம் மறத்தலாகாது. பணி அரும்பும் நிலையில், அது வெல்லுமா தோற்குமா என்று தெரியாதபோதே நகையைக் கழற்றிக் கொடுத்த மனைவி ஒருவர். எவரும் பாராத படத்தை ‘மீண்டும் பாருங்கள்’ என்று வாதாடியவர்கள் அடுத்தவர். கருகிய சுருளின் முன் பொறுமையோடு அமர்ந்த கைவினைஞர்கள் மூன்றாமவர். தொடக்கத்தில் துணை, நடுவில் நடுநிலையான பார்வை, முடிவில் பாதுகாப்பு: இம்மூன்றும் இல்லையேல் பதக்கங்கள் வெறும் உலோகம்.

நம் இல்லங்களை நோக்குவோம். பரிசு வாங்கிவந்த பிள்ளையைத் தோளில் தூக்குகிறோம். பரிசு வாங்குமுன் தட்டுத்தடுமாறிப் பயின்றபோது அருகிருந்தோமா? ஒருமுறை தோற்றவனை ‘இவ்வளவுதான்’ என்று தள்ளிவிடாமல், மறுமுறையும் கனிந்து நோக்கினோமா? ஐம்பதாண்டு உழைத்த ஆசிரியருக்கு ஓய்வு நாளில் சால்வை போர்த்துகிறோம். அவர் கைப்பட எழுதிய பாடக் குறிப்பேடுகள் கரையானுக்கு இரையாகின்றன. பாட்டியின் எண்பதாம் ஆண்டு விழாவுக்கு ஊரையே அழைக்கிறோம். அவர் நெஞ்சிலுள்ள குடும்ப வரலாற்றையும் கைமருந்தையும் தாலாட்டையும் ஒருவரும் எழுதிவைப்பதில்லை. அவர் மறைந்தபின் தேடுகிறோம். எரிந்த சுருளைப்போல் அவற்றை மீட்கப் பொலோஞா நகரத்து வல்லுநராலும் இயலாது.

ஆகவே ஒன்று வேண்டுகிறோம். இம்மாதம் ஏதேனும் ஒரு மாலைப் பொழுதில் வீட்டு முதியோரின் அருகில் ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். பரண்மேல் கிடக்கும் பழைய மடல்களையும் நிழற்படங்களையும் இறக்கித் தூசு துடைத்து, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதற்கு மேடை வேண்டா, மாலையும் வேண்டா. சுனிபாலா தேவிக்குத் தவறிப்போன மகிழ்ச்சி, நம் வீட்டு முதியோருக்கேனும் அவர்கள் கண்காணக் கிடைக்கட்டும்.