அவள் அறிந்த மொழியில்

ஆட்சியில் தமிழ் வேண்டும், கல்வியில் தமிழ் வேண்டும், வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழகம் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றது. கேளாமலேயே சட்டம் தாய்மொழிக்கு இடந்தந்த துறையொன்று உண்டு. கருவுற்ற பெண்ணின் வயிற்றிலுள்ள கருவை ஆய்ந்தறியும் மருத்துவமே அது. அங்கும் தமிழ் தன் இடத்தை இழந்து நிற்பதைத் தமிழர் பலர் அறிந்திலர்.

கருவில் செய்யும் கண்டறி ஆய்வுகளை நெறிப்படுத்த 1994-இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1996 சனவரியில் நடப்புக்கு வந்த அச்சட்டம் 2003-இல் திருத்தப்பெற்றது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ குறிப்பாலோ வேறெவ்வகையாலோ அறிவித்தல் குற்றம் என்பதை மட்டுமே மக்கள் கேள்வியுற்றுள்ளனர். அதே ஐந்தாம் பிரிவு வேறு மூன்று கடமைகளையும் மருத்துவர்க்கு விதிக்கின்றது. ஆய்வினால் நேரக்கூடிய ஊறுகளையெல்லாம் அப்பெண்ணுக்கு விளக்குதல் வேண்டும். அவள் அறிந்த மொழியில் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுதல் வேண்டும். அவ்வொப்புதலின் படியொன்றை அவள் கையில் தருதல் வேண்டும். கணவன் அறிந்த மொழியில் அன்று. மருத்துவர் பயின்ற மொழியில் அன்று. அவள் அறிந்த மொழியில்!

பாபநாசத்திலிருந்தும் திருப்பனந்தாளிலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் குடந்தைக்கு வரும் உழவர் குடிப்பெண் அறிந்த மொழி எது? நடவு வயலில் அவள் பேசும் மொழி எது? அதில் அவளிடம் பேசப்பெறுகின்றதா என்பதே வினா.

இவ்வாய்வுகள் எளியவை அல்ல. கருவுற்ற பத்தாம் வாரமளவில் தாயின் குருதியைச் சிறிது எடுத்து, அதில் மிதக்கும் மரபிழைத் துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் முறை இன்று பரவி வருகின்றது. தாயின் குருதியில் கருவின் மரபிழை உண்டென்பதை 1997-இல் தெனிசு இலோ என்னும் ஆங்காங்கு அறிஞரும் அவர் குழுவினரும் வெளிப்படுத்தினர். இருபத்தொன்றாம் நிறப்புரி இரண்டிருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருந்தால், 'தவுன்' என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் குறைபாடு உண்டாகும். அவ்வாறிருக்கலாம் என்று இவ்வாய்வு ஐயுறும். அவ்வாறே உள்ளதென்று முடிவுகூறாது. ஏனெனில் அத்துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியும் குழந்தையும் சிலபோது வேறுபடும்.

ஒரு கணக்கைக் காண்க. ஆயிரம் கருவில் ஒன்றுக்குக் குறைபாடு உண்டெனவும், ஆய்வு ஆயிரத்தில் ஒருமுறை தவறாக 'உண்டு' என்று காட்டுமெனவும் கொண்டால், பதினாயிரம் பெண்களை ஆயும்போது ஏறத்தாழ இருபதின்மர்க்கு 'உண்டு' என்று வரும். அவருள் பதின்மர் கருவில் குறையே இராது! எனவேதான், பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் துணுக்கையோ எடுத்து மீண்டும் ஆய்ந்தபின்னரே முடிவுசெய்தல் முறை. அவ்வாறு ஊசியிட்டு எடுப்பதிலும் கரு கலையும் வாய்ப்புச் சிறிதளவு உண்டு. 'உண்டு' என்பதற்கும் 'இருக்கலாம்' என்பதற்கும் இடைப்பட்ட இவ்வேறுபாட்டை ஆங்கிலத் தாளில் படித்தறிய மாட்டாத தாய், நலமான கருவையும் அச்சத்தால் இழக்கக் கூடும். ஒரு சொல் விளங்காமையால் ஓர் உயிர் போகலாம்.

தமிழர்க்கு இவ்வறிவு மிகுதியும் வேண்டற்பாலது. மாமன் மகளையும் அக்கை மகளையும் மணக்கும் வழக்கம் இந்நாட்டில் இன்னும் வேரோடியுள்ளது. திருமணங்களுள் நான்கில் ஒன்றுக்கு மேல் குருதியுறவுள்ளோரிடையே நிகழ்வதாக அண்மைய நாடளாவிய குடும்பநலக் கணக்கெடுப்புக் காட்டுகின்றது. கணவன் மனைவி இருவரும் ஒரே மரபுக்குறையை வெளித்தோன்றாமல் சுமப்பவராயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்கு அந்நோய் வர வாய்ப்புண்டு. ஒரு குழந்தை நோயுற்றால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது அதன் பொருளன்று. இதைத் தமிழில் அமர்ந்து விளக்குவார் இல்லையெனில், குறை மருமகள் தலையில் சுமத்தப்பெறும்.

மறைவில் நிகழும் கொடுமையோ இன்னும் பெரிது. 2011 மக்கட்டொகைக் கணக்கில், ஆறு அகவைக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குத் தமிழகத்தில் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர். கொள்ளிடத்தின் மறுகரையிலுள்ள அரியலூர் மாவட்டத்திலும் அதனை அடுத்த கடலூர் மாவட்டத்திலும் அவ்வெண் 900-க்கும் கீழே சென்றது. அணைக்கரைப் பாலத்தைக் கடந்தால் அரியலூர் மாவட்டம். சட்டத்தின் காப்பைத் தன் மொழியில் அறிந்த பெண், "பாலினம் பார்க்க மாட்டேன்" என்று மாமியார் முன் சொல்லத் துணிவாள். அறியாதவள் யாரைத் துணைகொண்டு சொல்வாள்?

"தமிழில் சொல் இல்லை" என்பார் உளர். சூல், கரு, பனிக்குடம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி, பேறு என்பன எவர் ஆக்கிய சொற்கள்? எழுத்தறியா மருத்துவச்சியர் வாயில் வழங்கியவை அல்லவா? மரபணு, உயிரணு என்பன இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, மகப்பேற்று நூலொன்றை 1857-இலேயே தமிழில் வெளியிட்டார். அக்கால வடசொற் கலப்பு அந்நூல்களில் மிகுதிதான். ஆயினும், அயல்நாட்டார் ஒருவர் முயன்று கற்று முடித்த பணியை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் தமிழ் மருத்துவர் இயலாதென்பது நாணத்தக்கது.

மருத்துவரை மட்டும் பழித்தல் முறையன்று. அவர்க்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். நாளொன்றுக்கு அவர் காணும் பெண்களோ பலர். தமிழறிஞர்க்கும் கடமையுண்டு. புலவர்க்கு மட்டும் விளங்கும் கடுநடையில் ஒப்புதல் தாளை எழுதிக் கொடுத்தால், அதுவும் அவள் அறியாத மொழியே ஆகும்.

செய்ய வேண்டுவன சிலவே. கருவாய்வு செய்யும் ஒவ்வொரு நிலையமும் ஒப்புதலைத் தெளிந்த தமிழில் பெற்று, படியைத் தாயிடம் கொடுத்தல் வேண்டும். ஆய்வு முடிவின் பொருளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி இணைத்தல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மரபுநோய் பற்றித் தமிழில் விளக்கும் பயிற்சியாளரை அரசு அமர்த்துதல் வேண்டும். தமிழாசிரியரும் மகப்பேற்று மருத்துவரும் ஒருங்கமர்ந்து அத்தாள்களை எழுதி, ஊர்ப்பெண்கள் பதின்மரிடம் படித்துக் காட்டி, விளங்காத சொல்லை நீக்குதல் வேண்டும்.

அரசு செய்யுமளவும் காத்திருத்தல் வேண்டா. மனைவியை, மகளை, மருமகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு தமிழனும், "இத்தாளில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லுங்கள், சொன்ன பின்னரே அவள் கையெழுத்திடுவாள்" என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்க! அது சலுகை கேட்பதன்று; சட்டம் தந்த உரிமையைக் கேட்பதாகும்.