அறுந்த மரக்கூரை: வால்பாறை மழைக்காட்டுத் துண்டுகளைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர், கோயம்புத்தூர், கள இயக்குநர், ஆனைமலை புலிகள் காப்பகம், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள்.

மனுதாரர்: வால்பாறை வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், வாகன ஓட்டுநர்கள், கடைக்காரர்கள் அடங்கிய சங்கம்.

பொருள்: காப்பக எல்லைக்கு வெளியே உள்ள சோலைகளையும் அவற்றை ஊடறுக்கும் சாலைகளையும் பாதுகாத்தல் தொடர்பாக.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவர் வால்பாறையில் காண்பது பெரும்பாலும் தேயிலை. பச்சையாக இருப்பதால் அதையே காடு என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் பலர். 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் தோட்டம் போட வரும்வரை இங்கே நின்றது மழைக்காடு. இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலைக்கும் காபிக்கும் இடையே, ஓடைக்கரைகளிலும் சரிவுகளிலும், அந்தக் காட்டின் துண்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பல தோட்ட நிர்வாகங்களின் நிலத்தில் உள்ளவை. காப்பகத்துக்குள் ஒரு மரம் விழுந்தால் கேட்க வனக்காவலர் உண்டு. இந்தத் துண்டுகளில் விழுந்தால் யார் கேட்பது? சங்கத்தின் முறையீடு இதுதான்.

புதுத்தோட்டம் சோலையின் நிலையை அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும். நூறு ஹெக்டேருக்கும் குறைவான அந்தச் சோலையில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. வெடிப்பலா காய்க்கும் அடர்காட்டில், கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்நாளைக் கழிக்க வேண்டிய விலங்கு. சாலைக்கு மேலே கிளைகள் கைகோத்திருந்தவரை அதற்குச் சாலை ஒரு பொருட்டே இல்லை. துண்டான காட்டின் விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து பெருமரங்கள் சாய்ந்தன. சாலைக்காகச் சில வெட்டப்பட்டன. கூரை அறுந்ததும் குரங்கு தரைக்கு இறங்கியது. வாகனத்தில் அடிபட்டது. ஊருக்குள் வந்து வீட்டு ஓடுகளைப் பிரித்தது. சுற்றுலா வந்தவர் போடும் பிஸ்கட்டுக்குச் சாலையோரம் காத்திருக்கவும் கற்றுக்கொண்டது. பிஸ்கட் போடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர், அந்தக் குரங்கை அடுத்த வண்டியின் சக்கரத்துக்கு அழைக்கிறார் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்கள் இங்கே பலன் தந்துள்ளன. ஆனால் பாலம் தற்காலிக ஏற்பாடு. சாலையின் இருபுறமும் நாட்டு மரங்களை வளர்த்துக் கிளைகளை மீண்டும் சேர்ப்பதே நிலையான வழி. பாலங்களைப் பழுதுபார்க்கும் பொறுப்பையும், மரம் நடும் பொறுப்பையும் நெடுஞ்சாலைத் துறை ஏற்க வேண்டும். குரங்குகள் கடக்கும் இடங்களில் வேகத்தடைகளும், சுற்றுலா நாட்களில் காவலர்களும் தேவை.

இதைவிடச் சின்ன விஷயமாகத் தோன்றும் ஒன்று உண்டு. சாலையோரத்தைச் ‘சுத்தம்’ செய்வதாகப் பொக்லைன் கொண்டு சரிவைச் சுரண்டும்போது, மண்ணைப் பிடித்திருக்கும் பெரணிகளும் காட்டுக் காசித்தும்பைகளும் மரக்கன்றுகளும் போகின்றன. வெறும் மண்ணில் உண்ணிச்செடி முதலில் முளைக்கிறது. மழைக்காலத்தில் மண்ணே சாலைக்கு வந்துவிடுகிறது. தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்கே செடியைச் சுரண்டுவது செலவு செய்து மண்சரிவை வாங்குவது. பார்வைக்குக் குறுக்கே வரும் கிளையைக் கையால் கழித்தால் போதும்.

முடியாத காரியத்தைச் சங்கம் கேட்கவில்லை. யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியிலும், தொலைபேசி அழைப்பில் எரியும் சிவப்பு விளக்கிலும் தொழிலாளர்களுக்குத் தெரிவிக்கும் முறையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையுடனும் தோட்டங்களுடனும் சேர்ந்து இங்கே நடத்திக் காட்டினார்கள். சிதைந்த சோலைகளில் நாட்டு மர நாற்றுகளை நட்டு மீட்டெடுக்கும் வேலையையும் அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறார்கள். மலை இருவாச்சி பழம் தின்று விதை பரப்ப இந்தத் துண்டுகளுக்கும் வருகிறது. ஆகவே இவற்றை அளந்து வரைபடத்தில் ஏற்றி, மரம் வெட்டவோ கட்டடம் கட்டவோ அனுமதி கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த வரைபடத்துடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

இம்மலையின் பழங்குடிகளான காடர்களைக் கலக்காமல் எந்தத் திட்டமும் வேண்டாம். 2019 மழையில் மண்சரிந்து வாழ்விடம் இழந்த கல்லார்குடிக் காடர்கள், தெப்பக்குளமேட்டில் இடம் பெறப் போராட வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கையில் இருக்கும்போதே இந்த நிலை. தேனும் கிழங்கும் எடுத்து இக்காட்டை அறிந்தவர்கள் ஆலோசனைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்படக் கூடாது.

வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக மூன்று துறைகளும், தோட்ட நிர்வாகங்களும், காடர் கிராமசபைப் பிரதிநிதிகளும் புதுத்தோட்டம் சாலையில் கூட்டு ஆய்வு நடத்தி, எடுத்த முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது. அதுவரை அந்தச் சாலையோரத்தில் பொக்லைன் வேலையை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறது.