நிதியைத் தீர்மானிக்கும் மேசையில் மூதூருக்கும் இடம் வேண்டும்

திருகோணமலை மாவட்டத்துக்கு வெளிநாட்டு உதவி புதிதல்ல. அந்த உதவி யாருக்கு, எதற்கு என்று தீர்மானிக்கும் இடத்தில் இம்மாவட்டத்து மக்கள் அமர்ந்ததுதான் அரிது. திட்ட முன்மொழிவுகளுக்குப் புள்ளியிடும் குழுக்களில் குறைந்தது பாதி இடம் இங்குள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் தரப்பட வேண்டும்.

2004 சுனாமிக்குப் பின் உலகம் திரட்டிய தொகை சுமார் 1,350 கோடி டொலர். பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. உதவிப் பணிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான சர்வதேசக் கூட்டு மதிப்பீடு, பொருளை வழங்குவதை விட்டு, மக்கள் தாமே வகுத்த முன்னுரிமைகளுக்குத் துணைநிற்கும்படி நிறுவனங்களைக் கேட்டது. படகு விநியோகத்தை நினைத்தாலே காரணம் புரியும். எண்ணிக் காட்ட எளிதானது படகு. ஆகவே தரம் குறைந்த சிறு ஃபைபர் படகுகள் இலங்கைக் கரைகளில் தேவைக்கு மேல் குவிந்தன.

கரைவலையை எடுத்துக்கொள்வோம். வலை சம்மாட்டி ஒருவருடையது. அதை இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். இழந்த சொத்து என்னவென்று மட்டும் படிவம் கேட்டால் சம்மாட்டிதான் அதை நிரப்ப முடியும். கயிறு பிடித்தவர்கள் இழந்தது கூலியை. அதற்குப் படிவத்தில் கட்டமில்லை. பருவமும் அப்படித்தான். வாடைக்காற்று வீசும் மார்கழியில் வரும் மதிப்பீட்டாளர் தொழில் ஓய்ந்த கரையைப் பார்ப்பார். ஆவணியில் வருபவரோ நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி அடித்திருப்போரின் படகுகளையும் சேர்த்து எண்ணிவிடுவார். குச்சவெளியில் எந்தத் தொழிலாளியும் சொல்லக்கூடிய செய்தி இது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

காணி விடயம் இதைவிடக் கனமானது. 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015இல்தான் பெருமளவு காணி திரும்பக் கிடைத்தது. சொந்த வயலுக்கும் கடலுக்கும் போக முடியாத குடும்பத்துக்குத் தையல் இயந்திரம் தரும் திட்டம் தாளில் முழுப்புள்ளி பெறலாம். ஆனால் அந்தக் குடும்பத்திடம் கேட்டிருந்தால் முதலில் காணியைப் பற்றித்தான் பேசியிருக்கும். காணி யார் கையில், வேலை முடிந்தபின் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையில்லாத முன்மொழிவுக்கு நிதி தரக்கூடாது.

உள்ளூராரைச் சேர்த்தால் சொந்தபந்தத்துக்கே பணம் போகும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு வழியும் இருக்கிறது: மூதூரின் முன்மொழிவைக் குச்சவெளியார் மதிப்பிடட்டும், கிண்ணியாவினதை வெருகலார் மதிப்பிடட்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எவரும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டத்தில் மூன்று சமூகங்களும் குழுவில் இருக்க வேண்டும். யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணங்கள் பிரதேச செயலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆபத்து வந்தபோது இம்மண்ணின் ஆட்களை நம்பத் தயங்கியவர் இல்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட, பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் 17 பணியாளர்களும் இலங்கையரே. உயிரைக் கொடுத்துப் பணியாற்ற ஏற்றவர்கள், நிதியைப் பற்றி முடிவெடுக்கத் தகாதவர்களா?

மொழித் தடையும் இங்கே பெரியது. ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்த கொழும்பு நிறுவனம் வெல்கிறது. தேவையை அறிந்த சங்கம் விண்ணப்பிக்காமலே தோற்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். சிறு தொகைக்குப் பல ஆண்டுக் கணக்காய்வு அறிக்கைகள் கேட்பதையும் கைவிட வேண்டும். மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளிடம் சேர்ப்போம் என்று 2016இல் இஸ்தான்புல்லில் கொடையாளர் ஒப்புக்கொண்டனர். அந்த இலக்கு எட்டப்படவில்லை.

இப்போது பணமும் சுருங்குகிறது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. குறைந்த பணத்தைப் பங்கிடும்போது தவறான தெரிவின் இழப்பு கூடுகிறது. 2025 ஏப்ரல் 5 அன்று, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கை கையெழுத்தான அதே நாளில், கிழக்கு மாகாணத்துக்கான இந்தியாவின் பல்துறை நன்கொடை உடன்படிக்கையும் கையெழுத்தானது. துறைமுகத்து எண்ணெய்க் குதங்கள் குறித்துப் பேச அரசுகள் பல ஆண்டுகள் செலவிட்டன. மீன்பிடி, சுகாதாரம், கல்விக்கான நன்கொடைத் திட்டங்களைக் கிராமங்களோடு பேச ஒரு மாதமாவது ஒதுக்கட்டும். திட்டப் பட்டியலைப் பிரதேச செயலகங்களில் மும்மொழியிலும் வெளியிட்டு, சங்கங்களின் ஆட்சேபங்களை எழுத்தில் பெற்று, அவற்றுக்குப் பதில் தந்த பின்னரே பணத்தை விடுவிக்க வேண்டும். மாவட்டச் செயலகம் இதை இவ்வாண்டே தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.